காலாவதியான புரோமைடு பேப்பரும் கேமரா இல்லாத பிரிண்டும்: கோத்தகிரி ஆசிரியைக்கு ஒரு பதில்

உறவினர் ஒருவரின் ஸ்டூடியோவைக் காலி செய்தபோது பழைய புரோமைடு பேப்பர் (கருப்பு வெள்ளைப் போட்டோ போடும் தாள்) பெட்டிகள் கிடைத்தன, கையில் கேமராவும் இல்லை, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரும் இல்லை, கோத்தகிரி வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி இலையும் பூவும் வைத்துப் பிரிண்ட் போட முடியுமா, என்ன கெமிக்கல் வாங்குவது, பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாமா என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் பேப்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பது ஒன்று. லென்சும் நெகட்டிவும் இல்லாதபோது படத்தை எது உண்டாக்குகிறது, நாம் எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது மற்றொன்று. இவை இரண்டுக்கும் விடை தெரிந்தால் கெமிக்கல் பட்டியல் தானாக வந்துவிடும்.

நான் ஊட்டியில் ஸ்டூடியோ இருட்டறையில் தொழில் கற்றவன். பிறகு பல வருடங்கள் கருப்பு வெள்ளைப் பிரிண்ட் போட்டும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். கலர் பேப்பரில் எனக்குப் பழக்கம் கிடையாது. எனவே இங்கே எழுதுவது எல்லாம் கருப்பு வெள்ளைப் பேப்பருக்கு மட்டும்தான். பெட்டி எந்த அறையில், எவ்வளவு ஈரத்தில் கிடந்தது என்பதை இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும், டீச்சர்.

பெட்டியின் மேல் ‘இந்து’ என்று இருந்தால் அது உங்கள் மலையிலேயே செய்த சரக்கு. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் ஊட்டியில் உற்பத்தியை ஆரம்பித்தது. குளிர்ச்சியும் தூசி குறைந்த காற்றும், ஒளியை உணரும் எமல்ஷனைத் தாளில் பூசுவதற்குத் தோது என்பதால்தான் இத்தனை உயரத்தில் ஆலை வந்தது. ஆலை போய்விட்டது, இந்துநகர் என்ற பெயர் இருக்கிறது. அந்தக் குளிர் உங்கள் பெட்டிக்கும் நல்லது செய்திருக்கலாம். சூடான ஊரைவிடக் குளிர்ந்த ஊரில் பேப்பர் மெதுவாகத்தான் கெடும். இது உறுதி. ஆனால் மலையில் குளிரோடு ஈரமும் சேர்ந்து வருகிறது. எமல்ஷனில் இருப்பது ஜெலட்டின், அது பூஞ்சைக்கு நல்ல தீனி. ஆகவே ‘மலையில் இருந்த பேப்பர், நன்றாகத்தான் இருக்கும்’ என்று பார்க்காமலே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சோதனை எளிது. சிவப்பு விளக்கில் ஒரு தாளிலிருந்து விரலகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை டெவலப்பரில் (ஒளி பட்ட இடத்தைக் கறுக்கவைக்கும் கரைசல்) போடாமல் நேரே ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் பிக்ஸர் கரைசல்) போடுங்கள். மற்றதை வெளிச்சம் படாமலே டெவலப்பரில் இரண்டு நிமிடம் வைத்து, பிறகு ஹைப்போவில் போடுங்கள். அதன்பின் விளக்கைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளை என்றால் பேப்பர் பிழைத்திருக்கிறது, இருட்டறையில் போட்டோகிராம், அதாவது பொருளைப் பேப்பர்மேல் வைத்து ஒளி காட்டி எடுக்கும் பிரிண்ட், போடலாம். இரண்டாவது துண்டு லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடையோ பென்சோட்ரையசோலையோ சிறிது கூட்டிப் பார்க்கலாம். அந்தச் சாம்பல் மூட்டம் ஓரளவு குறையும், பேப்பரின் வேகமும் (ஒளியை உணரும் திறனும்) அதோடு குறையும். நன்றாகக் கறுத்தே போயிருந்தால் போட்டோகிராமுக்கு அது உதவாது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். பகல் வெளிச்சத்திலேயே செய்யும் வேலைகள் இரண்டு இருக்கின்றன. மூட்டம் போட்ட பேப்பர் அவற்றுக்குப் போதும்.

சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாயம் பூசிய ஜீரோ வாட் பல்பில் சாயம் உரிந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் கசியும். நம்புவதற்கு முன் ஒரு தாளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் விளக்கு சரியில்லை. கைபேசியை இருட்டறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு குறுஞ்செய்தி வந்து திரை ஒளிர்ந்தாலே திறந்திருக்கும் பேப்பர் போய்விடும்.

கெமிக்கல் விஷயம். டி-72 என்ற பழைய டெவலப்பர் போதும். ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 68 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கரையுங்கள். சல்பைட்டை முழுவதும் முதலில் போட்டுவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். உபயோகிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். டெவலப்பரை நிறுத்த மளிகைக் கடை வெள்ளை வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் போதும். பிக்ஸருக்கு ஹைப்போப் படிகம் லிட்டருக்கு 250 கிராம், பத்து நிமிடம். வினிகரிலிருந்து எடுத்ததை ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டு ஹைப்போவில் போடுங்கள், இல்லையென்றால் அமிலம் ஹைப்போவைச் சிதைத்துக் கந்தகத்தைப் பிரித்துவிடும். கல்லூரி ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்கும் கடைகளில், கோவையில், இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். மெட்டால் சிலர் தோலில் படை போன்ற ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும், அதனால் கையுறையும் இடுக்கியும் கட்டாயம்.

சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் டெவலப்பரை ஐஸ் வைத்துக் குளிரச் செய்யச் சொல்லியிருப்பார்கள். நமக்குப் பிரச்சினை நேர் எதிர். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் வேலை செய்வதற்காகக் கணக்கிடப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீர் அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும். சுமார் 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய வேலை நிறுத்தம் செய்துவிடும், மெட்டால் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு போகும். கருப்பு ஏறாமல் சேறு மாதிரிச் சாம்பலாகப் பிரிண்ட் வந்தால் பேப்பரைக் குறை சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். டிரேயை அதைவிடப் பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி அதற்குள் வையுங்கள், போதும். ஹைப்போப் படிகம் கரையும்போது தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், பாத்திரமே சில்லிட்டுவிடும். அதையும் வெந்நீரில்தான் கரைக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ‘எந்தப் பொருளை வைப்பது’ என்று யோசிக்கிறார்கள். சாவி, கத்தரிக்கோல், சீப்பு என்று தேடித் தேடி வைக்கிறார்கள். கருப்புத் தளத்தில் வெள்ளை வெட்டுருவம் வருகிறது. இரண்டு நாளில் அலுத்துப்போகிறது. பேப்பர் பதிவு செய்வது பொருளை அல்ல. பொருளைத் தாண்டி வந்த ஒளியைத்தான். ஆகவே ஒளி எவ்வளவு சிறிய புள்ளியிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் விழுகிறது, பொருள் பேப்பரைத் தொடுகிறதா மேலே தூக்கி நிற்கிறதா, ஒளி அதற்குள் எவ்வளவு ஊடுருவுகிறது, இவைதான் உங்கள் கருவிகள்.

என்லார்ஜர் இல்லாததால் நஷ்டமில்லை. பொத்தானை அழுத்தினால் எரிந்து, விட்டால் அணையும் சின்ன டார்ச் ஒன்றை வாங்கி, அதன் முகத்தைக் கருப்புத் தாளால் மூடி, ஊசித் துளை ஒன்று போடுங்கள். பேப்பருக்கு நேர் மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் அதைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒளி மூலம் சிறியதாக இருந்தால் நிழலின் விளிம்பு கத்திபோல் வரும். துளையைப் பெரிதாக்கினால் அல்லது டார்ச்சின் முன் டிரேசிங் தாளை வைத்தால் விளிம்பு கரையும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் பேப்பருக்கு வரும் ஒளி நாலில் ஒரு பங்காகும். நேரத்தைக் கண்டுபிடிக்கத் துண்டுத் தாளில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு விநாடி என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டினால் கடைசிப் பட்டைகளுக்குள் வித்தியாசமே தெரியாது, பேப்பர் ஒளியை விகிதத்தில்தான் உணரும்.

பொருளைப் பொறுத்தவரை ஒளி கொஞ்சம் புகக்கூடியதைத் தேடுங்கள். உங்களைச் சுற்றித் தேயிலை இருக்கிறது. முற்றிய தேயிலை ஒளியை அடைத்துவிடும், வெள்ளை வடிவம் மட்டும் கிடைக்கும். கொழுந்தை வைத்து நேரத்தைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள், நரம்புகள் எல்லாம் தெரியும். பெரணியின் இளம் மடல் சுருண்டு மேலே எழும்பி நிற்கும். பேப்பரைத் தொடும் நுனி கூர்மையாகவும், தூக்கி நிற்கும் பகுதி மங்கலாகவும் விழும். லென்சே இல்லாமல் படத்தில் ஆழம் வந்துவிடுகிறது. அதற்காகவே நான் மாணவர்களிடம் செடியை அழுத்தித் தட்டையாக்காதே என்று சொல்வேன். கண்ணாடி டம்ளரை நிறுத்திவைத்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச்சைக் காட்டினால் அடிக் கண்ணாடி ஒளியை வளைத்து வளையங்களாகக் கொட்டும். கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, விரலால் தொட்டு, அலை அடங்குவதற்குள் ஒரு கணம் ஒளி காட்டினால் அலையே பதியும். வெங்காயச் சருகு, உதிர்ந்த தட்டான் சிறகு, குடைத் துணியின் கிழிசல் எல்லாம் நல்ல பொருள்கள்.

அடுத்த படி, ஒரே தாளில் பல முறை ஒளி காட்டுவது. தேவையான நேரத்தில் பாதிக்கு ஒளி காட்டி, சில இலைகளை எடுத்துவிட்டு, மீதி நேரத்துக்கு மறுபடி காட்டுங்கள். நடுவில் எடுத்த இலைகள் சாம்பலாக வரும். டார்ச்சை இடம் மாற்றினால் ஒரே தண்டுக்கு இரண்டு நிழல். வெள்ளை, கருப்பு இரண்டோடு நடுத் தொனிகள் உங்கள் கைக்கு வருவது இங்கேதான். 1920-களில் கலைஞர்கள் மொஹோய்-நாகியும் மேன் ரேயும் போட்ட போட்டோகிராம்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இந்த எளிய சூத்திரங்கள்தான். இன்னொன்று, ஈர இலையைப் பேப்பர்மேல் நேராக வைக்காதீர்கள். ஜெலட்டினில் ஒட்டிக்கொள்ளும், சாறு கறையாகும். இடையில் மெல்லிய கண்ணாடியோ கெட்டியான பிளாஸ்டிக் தாளோ வையுங்கள். நிழல் கருப்பாகவும் தளம் வெளுப்பாகவும் வேண்டுமென்றால், போட்ட பிரிண்டைக் காயவைத்து, புதிய தாளின் எமல்ஷனோடு முகத்துக்கு முகம் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மேலேயிருந்து ஒளி காட்டுங்கள். அதுதான் கான்டாக்ட் பிரிண்ட்.

மூட்டம் போட்ட பேப்பருக்கு வருவோம். வெயிலில் செய்யும் லூமன் பிரிண்ட் முதல் வழி. இதற்கு டெவலப்பரே வேண்டாம். நிழலில் பேப்பரை எடுத்து, மேலே பச்சை இலையை நேராக வைத்து, கண்ணாடியால் மூடி வெயிலில் விடுங்கள். வெள்ளி உப்பு ஒளியிலேயே சிதைந்து, பேப்பர் உங்கள் கண்முன் இளஞ்சிவப்பு, ஊதா, காப்பிப்பொடி நிறம் என்று மாறும். மேலே தவிர்க்கச் சொன்ன ஈரமும் சாறும் இங்கே உதவி. இலையின் நீர் எமல்ஷனோடு வினை புரிந்து, இலை இருந்த இடத்திலும் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறங்கள் வரும். எந்த இலைக்கு எந்தப் பேப்பரில் எந்த நிறம் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஒன்று நிச்சயம். ஹைப்போவில் போட்டதும் நிறங்கள் வெளுத்துப் பழுப்புப் பக்கம் சாயும். அதனால் அந்த நிறங்களை வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் ஹைப்போவுக்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

நேரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அந்த வகையில் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிட மலைக்கு வேகம் அதிகம்தான். ஆனால் அதே மலையில்தான் பத்து நிமிடத்தில் மஞ்சு ஏறி எல்லாவற்றையும் மூடுகிறது. அரை மணியிலிருந்து அரை நாள் வரை ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு, இலைக்கு வெளியே இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய கருமையைவிடச் சற்று அதிகமாகக் கறுத்தபின் எடுங்கள், ஹைப்போ கொஞ்சம் தின்றுவிடும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும், அப்போது இருட்டறை வேலையை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி கெமிகிராம். பெல்ஜியத்தின் பியர் கோர்டியே 1956-இல் தொடங்கிவைத்த முறை. விளக்கொளியிலேயே செய்யலாம். இதன் அடிப்படை ஒரு வரிதான். வெளிச்சம் பட்ட பேப்பர் டெவலப்பரைத் தொட்ட இடத்தில் கறுக்கும், ஹைப்போவைத் தொட்ட இடத்தில் வெளுக்கும், ஒருமுறை கறுத்ததும் வெளுத்ததும் பிறகு பெரிதாக மாறாது. இப்போது பேப்பரில் கெட்டியான வெல்லப் பாகால் ஒரு கோலம் போடுங்கள். டெவலப்பரில் வைத்தால் பாகு இல்லாத இடம் கறுக்கும். பாகு ஓரத்தில் கரைந்து பின்வாங்கும். அந்த நேரம் பார்த்து ஹைப்போவுக்கு மாற்றினால், புதிதாகத் திறந்த ஓரம் வெள்ளைக் கோடாகும். மறுபடி டெவலப்பர், மறுபடி ஹைப்போ, ஒவ்வொரு முறையும் இடையில் தண்ணீரில் அலசல். மரத்தின் ஆண்டு வளையம்போல் கோலத்தைச் சுற்றிக் கோடுகள் அடுக்கும். தேன், நெயில் பாலிஷ், வார்னிஷ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் விடும். இதற்குப் பழைய கரைசல்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கெட்டுவிடும், போட்டோகிராமுக்கு அவை ஆகாது.

‘கேமரா இல்லாததைப் புகைப்படம் என்று சொல்லலாமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் சொல்லுங்கள். இங்கிலாந்தின் வெட்ஜ்வுட்டும் டேவியும் 1802-இல் வெளியிட்ட சோதனைகளில் இலையையும் பூச்சிச் சிறகையும் வெள்ளி உப்பு தடவிய பரப்பில் பதித்திருந்தார்கள். நிலைநிறுத்தும் வழி தெரியாததால் படங்களை இருட்டில் வைக்க வேண்டியிருந்தது. வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று விஞ்ஞானி ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார், 1839-இல்தான் அது படங்களுக்குப் பயன்பட்டது. புகைப்பட முன்னோடி டால்பட்டின் ஆரம்பப் படங்களில் பலவும் இலையும் லேசுத் துணியும் பேப்பர்மேல் வைத்து எடுத்தவை. ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீலப் பிரிண்டைக் கொண்டு ஆனா அட்கின்ஸ் 1843-லிருந்து கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாகவே கொண்டுவந்தார். கேமரா இல்லாத பிரிண்ட் இந்தக் கலையின் தொடக்கத்திலேயே இருந்தது.

பிள்ளைகளுக்கு என்றால் லூமன் பிரிண்ட்தான் என் தேர்வு. வெயில், இலை, கண்ணாடி, வேறொன்றும் வேண்டாம். ஹைப்போ வேலையை நீங்கள் கையுறை போட்டுப் பிறகு செய்யுங்கள். டெவலப்பரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கெமிகிராமையும் நீங்கள் செய்து அவர்கள் பார்க்கட்டும். இலை பொறுக்க அவர்களைச் சோலைக்காட்டுக்குள் அனுப்ப வேண்டாம். அங்கிருக்கும் பாசியும் ஆர்க்கிடும் வளர எத்தனையோ காலம் ஆனவை, காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கவும் கூடாது. சாலையோர உண்ணிச்செடி, சீகை மரத்து இலை, வேலிப் பெரணி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது. உண்ணிச்செடி நஞ்சு, ஆகையால் தொட்டபின் கை கழுவச் சொல்லுங்கள்.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் வீட்டுக் கழிவு ஓடையில் சேர்ந்து, ஓடை பவானிக்கும் மாயாற்றுக்கும் போகிறது, நடுவில் ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, இரும்பு நாரைப் போட்டு ஊறவிடுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி கரும்பொடியாக அடியில் இறங்கும். துருப்பிடிக்காத எஃகு நார் இந்த வேலைக்கு ஆகாது. எக்ஸ்ரே கூடங்களின் பழைய ஹைப்போவை வாங்கும் வெள்ளி வியாபாரிகள் அருகில் இருந்தால் கேனோடு அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

கழுவும் தண்ணீரிலும் சிக்கனம் செய்யலாம். பழைய கெட்டிப் பேப்பர் ஹைப்போவை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கேட்கும். இரண்டு சதவீத சோடியம் சல்பைட் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்துவிட்டு, டிரேயில் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால் நேரமும் தண்ணீரும் வெகுவாகக் குறையும். காயவைக்கத் துணி விரித்த வலைமேல் முகம் மேலாக வையுங்கள். மஞ்சு இறங்கும் மாதங்களில் பிரிண்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பிரிக்காத பேப்பர் பெட்டிகளையும் அப்படியே.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்று டார்ச் உயரம் என்றால் நேரமும் இலையும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு தாளின் பின்னாலும் டார்ச்சின் உயரம், விநாடி, டெவலப்பரின் சூடு ஆகியவற்றை எழுதி வையுங்கள். டெவலப்பரில் போடுவதற்கு முன்பே, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை கரைசலில் கரைந்து அடுத்த தாளில் ஏறிவிடும்.